தமிழ் பேசுகிறவன் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கல்யாண் கிளையின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வீடு, மனை வாங்குவது. அரசியல் பேசுகிற சங்கத்தில் மனை வியாபாரத்துக்கு என்ன வேலை என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டுவிட்டார். கூலி உயர்வு கேட்டுப் போராடுகிறோம், போனஸ் கேட்டுப் போராடுகிறோம். அப்படிப் போராடி வாங்கிய காசு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால், நம்மில் பலருக்கு அது மனை ஏஜெண்டின் பையில் போய்ச் சேருகிறது. இருபது வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

நான் வக்கீல் அல்லன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் மூட்டை. பெயர் இல்லாதவர் கவுண்டரில் நின்று எவ்வளவு உரக்கப் பேசினாலும் மூட்டை நகராது. நிலமும் அப்படித்தான் என்பதை, சங்க ஆபீசில் உட்கார்ந்து நம் ஆட்கள் கொண்டுவரும் காகிதங்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் நம்முடைய பலவீனத்தைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு மராத்தி பேசத் தெரியும், காய்கறி வாங்கும் அளவுக்கு. எழுத்தைப் படிக்கிறவர்கள் குறைவு. நிலத்துக் காகிதம் முழுவதும் மராத்தி. இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் வந்து நிற்கிறான். "அண்ணாச்சி, நானும் திருநெல்வேலிதான், உங்க ஊருக்குப் பக்கத்து ஊர்" என்கிறான். கோயில் கொடைக்கு வரி கொடுக்கிறான், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறான். 1960களின் பின்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இந்த நகரத்தில் நடந்தவற்றை நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அன்று ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைத்தோம். அந்த நம்பிக்கையைத்தான் இன்றைக்கு இவன் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறான். தமிழில் பேசினான் என்பது அவன் தாயிடம் கற்றுக்கொண்டது. அது நிலத்துக்குப் பத்திரம் ஆகாது.

அம்பர்நாத் பக்கம் ஒரு அண்ணாச்சி, தொழிற்பேட்டையில் காண்டிராக்ட் வேலை. அவர் வீட்டு அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். கர்ஜத் பக்கம் மனை என்று வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மலையடிவாரம், சுண்ணாம்புக் கோடு, நாலு கொடி, மதியம் பிரியாணிப் பொட்டலம். 1 குந்தா, அதாவது 1,089 சதுர அடி, மூன்றரை லட்சம். நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்து, மூன்று தவணையில் கொடுத்தார்கள். கையில் வந்தது என்ன? ஒரு முத்திரைத்தாள், அதில் இரண்டு போட்டோ, நோட்டரி முத்திரை, சிவப்பு நட்சத்திரம் ஒட்டிய காகிதம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். வேலி போடப் போன அன்று அங்கே நெல் அறுத்துக்கொண்டிருந்த குடும்பம், "யார் நீங்கள்?" என்று கேட்டது. அது ஆதிவாசிக் குடும்பத்தின் நிலம். அவர்களுக்கும் விஷயம் தெரியாது.

நாங்கள் சாத்பாரா எடுத்துப் பார்த்தோம். ஏஜெண்டின் பெயரும் இல்லை, ஏஜெண்டுக்கு விற்றதாகச் சொன்னவரின் பெயரும் இல்லை. போலீசுக்குப் போய், ஆளைப் பிடித்து, தவணை தவணையாக அறுபதாயிரம் திரும்பியது. மீதி போனது போனதுதான். இதில் அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தை என்னால் மறக்க முடியவில்லை. "வீட்டுக்காரம்மா நூறு ரூபாய் பிடித்தால் சண்டை போடுவேன், இவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே" என்றார்.

ஆகவே கேள்வி கேட்பது எப்படி என்று பார்ப்போம்.

சாத்பாரா என்றால் 7/12. கிராமக் கணக்கில் 7ஆம் நமூனாவும் 12ஆம் நமூனாவும் சேர்ந்தது. 7இல் நிலம் யாருடையது, எவ்வளவு பரப்பு என்று இருக்கும். 12இல் என்ன பயிர் என்று இருக்கும். இதைத் தலாட்டி ஆபீசிலும் வாங்கலாம், அரசின் இணையத்திலும் எடுக்கலாம். ஏஜெண்ட் கொடுக்கும் ஜெராக்சை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சர்வே நம்பரை மட்டும் அவனிடம் கேட்டு, நீங்களே புதிதாக எடுங்கள். பெயரைப் பார்த்த பிறகு "இதர ஹக்கு" என்ற பகுதியைப் பாருங்கள். வங்கிக் கடன், சொசைட்டிக் கடன், குத்தகைக்காரர் உரிமை, கோர்ட் தடை எல்லாம் அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும். பிறகு நில வகை. வர்க் 2 என்று இருந்தால் அரசின் அனுமதி இல்லாமல் விற்க முடியாத நிலம். ஆதிவாசி நிலமென்றால் 1966ஆம் ஆண்டு மகாராஷ்டிரா நில வருவாய்ச் சட்டம் 36ஏ பிரிவு குறுக்கே நிற்கும். அந்த மக்களின் நிலத்தைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. நியாயமான வேலி. நாம் ஏமாந்தோம் என்பதற்காக அதை நாம் குறை சொல்லக் கூடாது.

இன்னொரு சங்கதி நம்மில் பலருக்குத் தெரியாது. மகாராஷ்டிராவில் விவசாயியாக இல்லாத ஒருவர் விவசாய நிலத்தை நினைத்தபடி வாங்க முடியாது. 1948ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு தடுக்கிறது, கலெக்டர் அனுமதி வேண்டும். "சாத்பாராவில் உங்க பெயரை ஏற்றித் தருகிறேன்" என்று ஏஜெண்ட் சத்தியம் செய்தால், எந்தச் சட்டத்தின்படி என்று கேளுங்கள். என்.ஏ. உத்தரவு, அதாவது விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு மாற்றிய உத்தரவு, மனைப்பிரிவு வரைபடத்தின் அனுமதி, இரண்டையும் கேளுங்கள். "என்.ஏ. ஆகப் போகிறது" என்பான். ஆன பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பிரியாணி சாப்பிட்டோமே என்று வெட்கப்பட வேண்டாம்.

அடுத்து நோட்டரி. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் பதிவு ஆகிவிட்டது என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். நோட்டரி சொல்வது இவ்வளவுதான்: இந்த ஆள் என் முன்னால் கையெழுத்துப் போட்டார். நிலம் அவருடையதா என்று நோட்டரி பார்ப்பதில்லை. முத்திரைத்தாள் முன்பு 100 ரூபாய்க்கு ஓடியது, 2024 அக்டோபர் முதல் இங்கே 500 ரூபாய். தாளின் விலை ஏறியதால் உரிமை ஏறிவிடாது. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலம், வீட்டு விற்பனை சார்பதிவாளரிடம் பதிவாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. "பவர் எழுதித் தருகிறேன், அதுவே கிரயம் மாதிரி" என்பதும் எடுபடாது. சூரஜ் லேம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர், உயில், ஒப்பந்தம் என்ற மூன்று காகிதத்தைச் சேர்த்துக் கட்டினாலும் நிலம் கைமாறாது. பதிவானால் இங்கே இண்டெக்ஸ் டூ என்று ஒரு தாள் கிடைக்கும். விற்றவர், வாங்கியவர், பரப்பு, தொகை எல்லாம் அதில் இருக்கும். அது இல்லாத பேச்செல்லாம் காற்றோடு போகிற பேச்சு.

பிளாட் வாங்குகிறவர்களுக்கு வருகிறேன். கல்யாண், டோம்பிவிலி, திவா, மும்ப்ரா, நாலாசோப்பாரா. நம்மைப் போன்றவர்களின் காசுக்கு இந்த ஊர்களில்தான் வீடு அகப்படுகிறது. இங்கே என்ன நடந்தது? 2013 ஏப்ரலில் மும்ப்ரா ஷில்பாட்டாவில் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டடம் சரிந்து 74 பேர் செத்தார்கள். கட்டட வேலை செய்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அதில் அதிகம். அனுமதியே இல்லாத கட்டடம் அது. நம் கல்யாண் டோம்பிவிலியில் 65 கட்டடங்களை இடிக்கச் சொல்லி 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநகராட்சி அனுமதியைப் போலியாகத் தயாரித்து, அதைக் காட்டி ரெரா பதிவெண்ணும் வாங்கியிருந்தார்கள். வங்கிக் கடன் எடுத்துக் குடியேறியவர்களும் அதில் உண்டு. நாலாசோப்பாராவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கிய இடத்தில் எழும்பிய 41 கட்டடங்களை, நீதிமன்ற உத்தரவின்படி 2025 தொடக்கத்தில் இடித்தார்கள். கட்டியவன் விற்றுவிட்டுப் போய்விட்டான். அடுப்பையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றவர் யார்? வாங்கியவர்.

எனவே ரெரா எண் இருக்கிறதா என்று கேட்பது முதல் படி, அதோடு நின்றுவிடக் கூடாது. கட்டுமானம் தொடங்க மாநகராட்சி கொடுத்த அனுமதி எண்ணை எழுதிக்கொண்டு மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போய், இந்த எண் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா, எத்தனை மாடிக்கு என்று கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சங்கத்திலிருந்து ஆள் வருவோம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாயில் மனுப் போட்டும் கேட்கலாம். கட்டி முடித்த வீடானால் குடியேறும் அனுமதி, ஓ.சி. என்பார்களே, அது வேண்டும்.

அந்த ரெரா சட்டம் 2016இல் வந்தது. கெட்டதல்ல, உபயோகப்படுத்தத் தெரிந்தால். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. நம் ஆட்கள் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வெறும் ரசீதோடு வருகிறார்கள். விற்கிற ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்க 18ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பணத்தைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுத்திருந்தால்தான் கேட்க முடியும். ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சாட்சி கடவுள்தான். அவரைக் கோர்ட்டுக்கு அழைக்க முடியாது.

குடிசைப் பகுதி ரூம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பில்டிங் வரப் போகுது, இன்றைக்கு எட்டு லட்சம், நாளைக்கு ஒரு கோடி" என்று விற்கிறார்கள். 1.1.2000க்கு முன்னால் இருந்ததற்குச் சான்று உள்ள குடிசைக்கு மாற்று வீடு இலவசம். அதற்குப் பின் 1.1.2011 வரை உள்ளதற்குப் பணம் கட்ட வேண்டும், 2023இல் அதை இரண்டரை லட்சம் என்று அரசு நிர்ணயித்தது. ஆனால் அந்தச் சான்று பழைய ஆளின் பெயரில் இருக்கிறது. நோட்டரி காகிதத்தில் ரூமை வாங்கினால் அவருடைய தகுதி நம் தலையில் தானாக வந்து உட்காராது. போட்டோபாசில் இருப்பது அவர் முகம்.

சொந்தமாக வாங்க வழியில்லாமல் ஹெவி டெபாசிட்டில் இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய. நாலு லட்சம், ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. இதில் நடக்கிற தந்திரம் இது. ஏஜெண்ட் உங்களிடம் ஐந்து லட்சம் வாங்குவான், வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு ஆள் வைத்திருப்பதாகச் சொல்லி மாதம் பத்தாயிரம் கொடுப்பான். உங்களைப் போல இருபது பேரிடம் வாங்கி ஒரு கோடி சேர்ந்ததும் ஓடிவிடுவான். அடுத்த மாதம் வீட்டுக்காரர் வந்து வாடகை கேட்பார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே வீட்டுக்காரரை நேரில் பாருங்கள், பணம் அவர் கணக்குக்கே போகட்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு பதிவு செய்யச் சொல்கிறது, அதைச் செய்ய வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. பதிவுச் செலவு ஆயிரம், இரண்டாயிரத்துக்குப் பயந்து ஐந்து லட்சத்தைத் திறந்த வெளியில் வைக்காதீர்கள்.

சரி, ஊரில் மனை. இதுதான் நம் எல்லோருக்கும் ஆசை. ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய் இரண்டு தென்னை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மாதத் தவணையில் மனை என்று இங்கே வந்து தமிழர் பகுதிகளில் மேஜை போட்டு விற்றார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான், நம் ஆட்கள் பலருக்கும் தங்கள் மனை எந்த வகை என்று தெரிந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் உண்டான மனைகளை வரைமுறைப்படுத்த 2017இல் விதி வந்தது. பழைய மனை வைத்திருக்கிறவர்கள் அது வரைமுறை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் டி.டி.சி.பி. அனுமதி எண்ணைக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது.

தமிழ்நாட்டில் காகிதம் தமிழில்தான் இருக்கிறது, அதனால் சாக்குச் சொல்ல முடியாது. மூலப் பத்திரம், குறைந்தது 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம். நாலும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். பத்திரத்தில் சர்வே நம்பர் ஒன்று, பட்டாவில் உட்பிரிவு வேறு என்றால் நிறுத்திவிடுங்கள். விற்கிறவரின் அக்கா தங்கை கையெழுத்துப் போட்டார்களா என்றும் கேட்க வேண்டும். பூர்விகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு. பத்து வருஷம் கழித்து அந்த அம்மாவின் பேரன் வந்து கோர்ட்டில் நிற்பான். வாங்கிய பிறகு பட்டா மாற்றாமல் ரயில் ஏறி இங்கே வந்துவிடுகிறோமே, அது பெரிய தவறு. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போகும்போது எல்லைக் கல் இருக்கிற இடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நம் ஊரில் கல்லுக்குக் கால் உண்டு.

இப்போது லாபக் கணக்கு. "எட்டு வருஷத்தில் இரட்டிப்பு" என்று ஏஜெண்ட் சொல்கிறான். அவன் சொல்வதை அப்படியே ஒப்புக்கொண்டு கணக்குப் போடுவோம். ஊரில் ஐந்து லட்சத்துக்கு மனை. 2023 முதல் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு, அதாவது 45,000. தரகு 2 விழுக்காடு, 10,000. ஐந்து லட்சத்து ஐம்பத்தையாயிரம் போட்டோம். எட்டு வருஷம் கழித்துப் பத்து லட்சத்துக்கு விற்று, தரகு 20,000 போனால் கையில் 9,80,000. வட்டியாகப் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 7.4. தபால் ஆபீசில் கிசான் விகாஸ் பத்திரம் 2023 ஏப்ரல் முதல் 115 மாதத்தில் இரட்டிப்பு, வட்டி 7.5. அதற்கு எல்லைக் கல் தேவையில்லை, வில்லங்கம் பார்க்கத் தேவையில்லை, அவசரத்துக்கு ஆள் தேடி அலையவும் தேவையில்லை. இது ஏஜெண்ட் சொன்னபடியே விலை ஏறினால். ஏறாவிட்டால்?

விமான நிலையம் வருகிறது என்று பன்வேல், உரண், கர்ஜத் பக்கம் எத்தனை வருஷமாக விற்றார்கள்! அடிக்கல் 2018 பிப்ரவரியில், திறப்பு 2025 அக்டோபரில். இடையில் ஏறிய விலையின் பெரும்பங்கு, முன்கூட்டியே நூறு ஏக்கர் வளைத்தவனுக்குப் போனது. அவனிடம் உச்ச விலைக்கு ஒரு குந்தா வாங்கியவர் நம் ஆள். பந்தயத்தில் குதிரைக்காரனுக்குத் தெரிவது சீட்டு வாங்குகிறவனுக்குத் தெரியாது. மும்பையில் ஒருவருக்கு 500 சதுர மீட்டருக்கு மேல் காலி நிலம் கூடாது என்று 1976இல் ஒரு உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஓட்டையும் விலக்குமாக நடந்தது, உண்மைதான். ஓட்டையை அடைக்காமல் 2007இல் சட்டத்தையே மகாராஷ்டிரா அரசு எடுத்துவிட்டது. உழைப்பாளிக்கு வீடு கட்டக் கிடைத்திருக்க வேண்டிய நிலம் அது. மலிவு வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் நம் சங்கம் மனுக் கொடுக்கிறபோது வெறும் இருபது பேர் வருகிறார்கள். மனை பார்க்க வேன் வந்தால் அறுபது பேர் ஏறுகிறார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குடியிருக்க வீடு வாங்குவது வேறு. அதற்குக் கடன் வாங்கலாம், கணக்குத் தெரிந்து வாங்குங்கள். 10 லட்சம், 9 விழுக்காடு, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 9,000. மொத்தம் கட்டுவது 21 லட்சத்து அறுபதாயிரம். வேலை நிரந்தரம் இல்லாதவர், ஓவர்டைம் சம்பளத்தை நம்பித் தவணை எடுக்கக் கூடாது. ஓவர்டைம் நின்ற மாதத்திலும் வங்கி நிற்காது. முடிந்தால் வீட்டை வீட்டுப் பெண்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். மகாராஷ்டிராவில் 2021 ஏப்ரல் முதல் பெண் பெயரில் வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வையில் 1 விழுக்காடு குறைவு. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. சலுகையை விட்டுவிடுங்கள், குடிக்கிற புருஷன் நோட்டரி காகிதத்தில் வீட்டை விற்றுவிட்டான் என்று அழுதுகொண்டு வருகிற தாய்மார்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். கொடுத்த பிறகு வந்தால் நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை சங்க ஆபீசில் இருப்போம். மராத்தி நன்றாகப் படிக்கிற இரண்டு பிள்ளைகள், இங்கேயே பள்ளியில் படித்த நம் பிள்ளைகள்தான், சாத்பாராவை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாருங்கள். சர்வே நம்பர், கிராமம், தாலுகா பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். மூலப் பத்திரத்தை ரயிலில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.